மோவாயில் ஒரு குழி

1 செப்டம்பர் 2017, வெள்ளி

சென்னைப் பழம்பட ரசிகர் சங்கத்திலிருந்து கடிதம். அக்டோபர் கடைசியில் ‘குழந்தை நட்சத்திரங்கள்’ என்று ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். பேபி புஷ்கலா பகுதி முழுவதும் என் சேகரிப்பிலிருந்து வேண்டுமாம். செயலாளர் சபாபதி அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: திறந்து வைக்கப் புஷ்கலா அம்மாவே பெங்களூரிலிருந்து வருகிறார்.

மூன்று தடவை படித்தேன். பிறகு சபாபதியின் பழைய கடிதத்தை எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

பங்கஜம் சிரித்தாள். “யாராவது நல்லது சொன்னாக்கூட டிக்கெட்டைக் காட்டுன்னுதான் கேப்பீங்க.”

முப்பத்து நான்கு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் வேறு எப்படி இருப்பான்? டிக்கெட் உள்ளவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். இல்லாதவன்தான் நம் கண்ணைப் பார்த்துச் சிரிப்பான். இது நான் சர்வீஸில் கற்றது.

அலமாரியைத் திறந்து சரிபார்த்தேன். பாட்டுப் புத்தகம் பதினொன்று. ஸ்டில் நாற்பத்தாறு. தீப்பெட்டி லேபிள், காலண்டர், நோட்டீஸ். கடைசியாகப் பொம்மை. 1964இல் தேவமல்லி பவுடர் கம்பெனி வெளியிட்ட புஷ்கலா பொம்மை. படுக்க வைத்தால் கண்ணை மூடும். தமிழ்நாட்டில் உடையாமல் இருப்பது மூன்றோ நான்கோ. விழுப்புரத்தில், என் வீட்டில், ஒன்று.

6 செப்டம்பர், புதன்

மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. ஆள் நாளைக்கு வருகிறேன் என்றான். வரமாட்டான்.

மாலை ஒரு பெண்மணியின் போன். பெயர் பிலோமினா, திண்டிவனம். தையல் வேலையாம். மாதா சிலைக்கும் குழந்தை ஏசுவுக்கும் உடுப்புத் தைப்பவராம். கண்காட்சிப் பொம்மைகளுக்குப் புது கவுன் தைக்கச் சங்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். “உங்க பொம்மையை ஒரு தரம் நேர்ல பாக்கணும் சார்.”

அளவு வேண்டுமென்றால் போனிலேயே சொல்கிறேன் என்றேன்.

“அளவு எனக்குத் தெரியும் சார். பாக்கணும்.”

அளவு எப்படித் தெரியும்? கேட்பதற்குள் பங்கஜம் பக்கத்திலிருந்து “ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க” என்று உரக்கச் சொல்லிவிட்டாள். அவருக்குக் கேட்டுவிட்டது.

10 செப்டம்பர், ஞாயிறு

வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. ஒல்லி, வெளுத்த நீலப் புடவை, இடது காலைச் சற்று இழுத்து நடக்கிறார். கையில் தையல் சாமான் பை இருந்தது. நான் அதன்மேலேயே கண்ணை வைத்திருந்தேன்.

பொம்மையைக் கொடுத்தேன். எல்லாரும் முதலில் படுக்க வைத்துக் கண் மூடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இவர் அதைச் செய்யவில்லை. முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் மோவாயை மெதுவாகத் தடவினார். அங்கே ஒரு சின்னக் குழி உண்டு. சரியாக அந்த இடத்தில் விரல் போய் நின்றது.

அந்தக் குழி எனக்கு முப்பது வருஷத் தலைவலி. புஷ்கலாவுக்கு மோவாயில் குழி கிடையாது. பொம்மைக்கு இருக்கிறது. 1987இல் இதை விற்ற காரைக்குடிக் கடைக்காரர் போலியைத் தலையில் கட்டிவிட்டாரோ என்று பலநாள் யோசித்திருக்கிறேன். வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஸ்டில்கள். ‘சின்னராணி சிரித்தாள்’ படத்தில் கன்றுக்குட்டியைக் காப்பாற்றப் புஷ்கலா கிணற்றில் குதிக்கும் காட்சி. என் சேகரிப்பில் சிறந்தது அதுதான். அந்தரத்தில் நிற்கும் சிறுமி, பறக்கும் பாவாடை. பிலோமினா அதைக் கையிலெடுத்தவர் கீழே வைக்கவே இல்லை.

“இது ஸ்டுடியோ கிணறு இல்ல சார். சாலிகிராமத்துல ஒரு மாந்தோப்பு. கிணத்துல தண்ணி ரொம்ப கம்மி. காலையிலேருந்து நாலு தரம் எடுத்தாங்க.”

“எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“புத்தகத்துல எங்க இருக்கப்போவுது?” என்றார். சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

நாலு தரம் எடுத்தார்களாம். புஷ்கலா அம்மாவே பேட்டியில் ஒரே முறைதான் குதித்தேன் என்று சொல்லியிருக்கிறார். வெட்டி வைத்திருக்கிறேன். இந்த அம்மாள் டூப் விடுகிறார்.

தண்ணீர் கேட்டு அடுக்களைக்குப் போனவர் முக்கால் மணி நேரம் பங்கஜத்தோடு பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. நான் போனதும் இருவரும் நிறுத்திவிட்டார்கள். பங்கஜம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். இன்றைக்கு வீட்டில் வெங்காயச் சமையல் இல்லை.

12 செப்டம்பர், செவ்வாய்

கிணற்று ஸ்டில்லைக் காணவில்லை.

உறையில் இல்லை. ஆல்பத்தில் இல்லை. பீரோவைக் கவிழ்த்துப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், காலண்டர் சுருள்களுக்குள், எங்குமில்லை. நாற்பத்தைந்துதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்த வெளியாள் மோட்டார்க்காரன் ஒருவன்தான். அவனுக்கு இதெல்லாம் காகிதம்.

அந்தப் பை!

பங்கஜத்திடம் சொல்லவில்லை. சொன்னால் போனால் போகிறது என்பாள். சபாபதிக்குக் கடிதம் எழுதினேன். ‘திண்டிவனம் பிலோமினா என்பவர் என் வீட்டிலிருந்து அரிய புகைப்படம் ஒன்றைத் திருடிச் சென்றதாக நம்புகிறேன். இத்தகையவரைக் கண்காட்சிக்குள் அனுமதித்தால் மற்ற சேகரிப்பாளர்களின் பொருள்களுக்கும் பாதுகாப்பு இல்லை.’ முதலில் ‘சந்தேகிக்கிறேன்’ என்றுதான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு ‘நம்புகிறேன்’ என்று மாற்றினேன்.

13 செப்டம்பர், புதன்

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

17 செப்டம்பர், ஞாயிறு

சபாபதி போன் செய்தார். நல்ல வேளை சொன்னீர்கள் என்றார். அந்தப் பெண்மணியிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லியாயிற்றாம். எல்லா நட்சத்திரங்களுக்குமாக ஏழு பொம்மைகளுக்குத் துணி வெட்டி வைத்திருந்தாராம். அதையும் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம்.

“ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லலைங்க. துணியை மடிச்சுக் குடுத்துட்டாங்க.”

ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? வாயடைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். மனத்துக்கு நிம்மதியாக இருக்கிறது. ராத்திரி ஸ்டில்களை மறுபடி எண்ணினேன், நாற்பத்தைந்துதான்.

20 செப்டம்பர், புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மறுபடி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பங்கஜம் காபியோடு வந்து, “என்னத்த ஒரு வாரமா தேடுறீங்க?” என்றாள். சொன்னேன்.

“அந்தக் கெணத்துப் படமா? நான்தான் அந்தம்மாகிட்ட குடுத்தேன்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“நகல் எடுத்துட்டுத் திருப்பி அனுப்புறேன்னாங்க. குடுத்தேன். பீரோவையே தலைகீழா கவுத்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

முன்பின் தெரியாதவர் கண்டதைச் சொன்னால் படத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவதா, அவர் டூப் விடுகிற ஆள் என்று கத்தினேன்.

பங்கஜம் காபியைக் கீழே வைத்தாள். “அவங்க டூப் விடலைங்க. டூப்பாவே இருந்தவங்க. கெணத்துல குதிச்சது அவங்க. தண்ணி கம்மியா இருந்து கால் ஒடைஞ்சதும் அவங்களுக்குத்தான். எட்டு வயசு. தன்னோட போட்டோன்னு ஒண்ணுகூட அவங்ககிட்ட கெடையாதாம். அந்த ஒண்ணைத்தான் கேட்டாங்க.”

“உன்கிட்டே எதுக்குச் சொன்னாங்க? நான்தானே சேகரிச்சு வெச்சிருக்கேன்?”

“நான் கேட்டேன், சொன்னாங்க. அவங்களும் என்னைக் கேட்டாங்க, வீட்ல புள்ளைங்க இல்லையே, சாருக்கு இந்தப் பொம்மை ஆசை எப்பிடி வந்துச்சுன்னு. நமக்குப் பொறந்து ஒம்பது நாள் இருந்துட்டுப் போச்சே ஒண்ணு, அதுக்கு அடுத்த வருசம் தூக்கிட்டு வந்தாருன்னு சொன்னேன்.”

அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பொம்மை அந்த வருஷம் விலைக்கு வந்தது, வாங்கினேன். அவ்வளவுதான்.

சபாபதிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிப் பங்கஜத்திடம் இப்போதும் சொல்லவில்லை.

21 செப்டம்பர், வியாழன்

யாரோ சொன்னார் என்பதற்காக நம்பிவிட முடியாது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நாற்பத்தைந்து ஸ்டில்களையும் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். முகம் நேராகத் தெரியும் படங்களில் மோவாய் வழவழவென்றிருக்கிறது. தீ விபத்துக் காட்சி, மரத்திலிருந்து தொங்கும் காட்சி, குதிரை துரத்தும் காட்சி: மூன்றிலும் முகம் பாதிதான் தெரிகிறது. மூன்றிலும் மோவாயில் ஒரு கறுப்புப் புள்ளி.

நிழலாக இருக்கலாம். அச்சுக்கோளாறாக இருக்கலாம்.

மூன்றிலுமா?

25 செப்டம்பர், திங்கள்

திண்டிவனம் பஸ்ஸில் போய் வந்தேன். என் படத்தைத் திரும்ப வாங்கி வருவதுதான் நோக்கம். பொம்மையையும் பையில் வைத்துக்கொண்டேன், எதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரே அறை வீடு. தையல் மிஷின் வாசலைப் பார்த்து இருக்கிறது. என்னைக் கண்டதும் எழுந்துகொள்ள முயன்றார், கால் ஒத்துழைக்கவில்லை. “டி.டி.ஆர். சாரா? வாங்க, உள்ள வாங்க” என்றார். ஒரு பைபிளுக்குள்ளிருந்து ஸ்டில்லை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் அட்டை வைத்து, மூலை மடியாமல் வைத்திருந்தார். நகல் எடுத்தாயிற்றாம்.

காபி போட்டுக் கொடுத்தார். வாங்கியதும் கிளம்பியிருக்கலாம். நான் மோவாயைப் பார்த்தேன். சுருக்கங்களுக்கு நடுவில், இருக்கிறது.

“பொம்மைக்கு எப்படி உங்க ஜாடை வந்துச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

“அதுவா?” மிஷினிலிருந்து நூலைக் கத்தரித்துக்கொண்டே சொன்னார். “பவுடர் கம்பெனிக்காரங்க மூஞ்சி அச்சு எடுக்க வந்தாங்க சார். மூஞ்சி பூரா பிளாஸ்டர் அப்பணும். மூக்குல ரெண்டு காயிதக் கொழல் சொருகி அதுவழியாத்தான் மூச்சு. புஷ்கலா அழுது ரகளை பண்ணிட்டா. பாவம், கொழந்தைதானே. அவங்கம்மா வேணாம்னுட்டாங்க. எங்கப்பா ஸ்டுடியோவுல தச்சு வேலை. என்னைப் புடிச்சு உக்கார வெச்சாங்க. ஒரே உசரம், ஒரே சைசு. பெயிண்ட்ல சரி பண்ணிக்கலாம்னாங்க. குழியை மட்டும் மறந்துட்டாங்கபோல.”

“பயமா இல்லையா?”

“உள்ள இருட்டு. காதும் கேக்காது. நூறு எண்ணு, எடுத்துருவாங்கன்னு அப்பா சொன்னாரு. எனக்கு அம்பது வரைக்கும்தான் தெரியும். ரெண்டு தடவை எண்ணினேன்.”

“பொம்மை ஒண்ணு உங்களுக்குக் குடுத்தாங்களா?”

“எங்க சார்! ஒரு நாள் பாண்டி பஜார்ல கடை வாசல்ல வரிசையா தொங்குச்சு. அத்தனையும் நானு.” சிரித்தார். “அப்பா ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு. வெலை கேக்கல.”

பையிலிருந்து பொம்மையை எடுத்து மிஷின்மேல் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“எனக்கு எதுக்கு சார்? தெனமும் கண்ணாடியில பாக்குற மூஞ்சிதானே. அன்னிக்கு ஒரு தரம் தொட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு, பாத்துட்டேன். நீங்களே பத்திரமா வெச்சிருங்க.”

கண்காட்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தையல் வேலை போனதைப் பற்றியும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் காபி கொடுப்பாரா?

30 செப்டம்பர், சனி

சபாபதிக்கு மறுப்புக் கடிதம் எழுத வேண்டும். பேனாவில் மை இல்லை.

4 அக்டோபர், புதன்

மழை. தபாலாபீஸ் போகவில்லை.

9 அக்டோபர், திங்கள்

குழந்தை போன தேதி. பங்கஜம் வருஷா வருஷம் போல இன்றைக்குக் கோயிலுக்குப் போனாள். வழக்கமாக நான் கூடப் போவதில்லை. இந்த முறையும் போகவில்லை. ஆனால் வாசல்வரை போய் அவள் தெருவைத் தாண்டும்வரை நின்றேன். திரும்பி வந்தவள், “திண்டிவனம் போனீங்களே, மன்னிப்புக் கேட்டீங்களா, இல்லியா?” என்றாள். எதற்கு மன்னிப்பு என்றேன்.

“சபாபதி நேத்து போன் பண்ணாரு. நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க. கடுதாசி விஷயம் எல்லாம் சொன்னாரு.”

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

18 அக்டோபர், புதன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூப்பிடக்கூட இல்லை. கிண்ணத்தில் சூடு பண்ணி வைத்திருந்தாள்.

27 அக்டோபர், வெள்ளி

கண்காட்சிக்கான அட்டைகளை எழுதி முடித்தேன். கிணற்று ஸ்டில்லுக்கும் பொம்மைக்கும் மட்டும் நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். நாளைக் காலை ரயில்.

29 அக்டோபர், ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

சென்னையில் மண்டபம் நிறைந்திருந்தது. பதினோரு மணிக்குப் புஷ்கலா அம்மா வரவேண்டும். பத்தரைக்குச் சபாபதி என் மேஜையண்டை வந்தவர் அட்டைகளைப் படித்துவிட்டு வெளிறிப்போனார். ஒன்றில், ‘கிணற்றில் குதிப்பவர்: பிலோமினா, வயது எட்டு’ என்றிருந்தது. இன்னொன்றில், ‘பொம்மையின் முகம்: பிலோமினா.’

“சார், என்ன சார் இது? திருடின்னு நீங்கதானே லெட்டர் போட்டீங்க? புஷ்கலா அம்மா வர நேரத்துல இதை வெச்சா என்ன ஆவறது? தயவுசெஞ்சு எடுத்துருங்க.”

அட்டையை எடுத்தால் மேஜையையே காலி செய்துகொண்டு போய்விடுவேன் என்றேன். இவ்வளவு சத்தமாகச் சொல்ல நான் நினைக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

எட்டு வயதிலிருந்து திரையில் பார்த்த முகம். தலை முழுக்க நரை, கனத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. எல்லா மேஜையையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் பொம்மையைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு அட்டையைப் படித்தார். மற்றதையும் படித்தார். சபாபதி குறுக்கே வந்து, “சின்னத் தப்பு நடந்துருச்சும்மா” என்று ஆரம்பித்தார்.

அவர் சபாபதியைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டார்.

“அவளுக்குக் கால் சரியாச்சா?”

“இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாங்க” என்றேன்.

அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அன்னைக்கு நான் கார்ல உக்காந்திருந்தேன். கத்தறது கேட்டுச்சு. எங்கம்மா கார்க் கண்ணாடியை ஏத்தி விட்டுட்டாங்க. நீதான் குதிச்சேன்னு சொல்லணும்னு சொல்லிக் குடுத்தாங்க. எட்டு வயசுல சொல்ல ஆரம்பிச்சதை எந்த வயசுல நிறுத்தணும்னு எனக்குத் தெரியாமலே போயிடுச்சு.” பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அவ ஏன் வரலை? நீங்க கூப்பிடலையா?” என்றார்.

கொஞ்சம் யோசித்திருந்தால் நல்ல பொய் ஏதாவது கிடைத்திருக்கும். “வரவேண்டியவங்கதான். திருடின்னு நான் லெட்டர் எழுதி வரவிடாம பண்ணிட்டேன்” என்றேன். ஒரு மாதமாக எழுத முடியாத வாக்கியம், நின்றபடியே வந்துவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. ரிப்பனை வெட்டினார், இரண்டு நிமிஷம் பேசினார், சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. “எந்த ஊர்? வழி காட்டுவீங்களா?” என்றார். மேஜையை அப்படியே சபாபதி பொறுப்பில் விட்டுவிட்டு முன்சீட்டில் ஏறினேன். பொம்மையை அங்கேயே விட்டு வந்தது செங்கல்பட்டு தாண்டியதும்தான் ஞாபகம் வந்தது.

மூன்று மணிக்குத் திண்டிவனம். பிலோமினா மிஷினில் ஒரு சின்ன அங்கிக்கு ஜரிகை வைத்துக்கொண்டிருந்தார். புஷ்கலா அம்மா வாசற்படியில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றார்.

“யாரு?”

“நான்... புஷ்கலா.”

பிலோமினா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். மேலும் கீழும் பார்த்தார். “நல்லா குண்டாயிட்டியே” என்றார். “ஏன் வெயில்ல நிக்கிற? உள்ள வா.”

புஷ்கலா அம்மா உள்ளே போன பிறகு நான் வாசலிலேயே பிலோமினாவிடம் சொன்னேன். திருட்டுக் கடிதம் எழுதியது நான், வேலை போனது என்னால், உங்கள் வீட்டுக்கு வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை, மன்னிக்க வேண்டும்.

“தெரியும் சார். துணியைத் திருப்பி வாங்க வந்தவங்க அந்த லெட்டரைப் படிச்சே காட்டினாங்க.”

“அப்போ... அன்னைக்கு நான் வந்தப்ப?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எனக்குக் காபி குடுத்தீங்க?”

“கதவண்டை வந்து நிக்கிறவங்களை வேற என்ன பண்றது?” என்றார். குரலில் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். “எட்டு ஊர் கோயிலுக்கு உடுப்புத் தைக்கிறேன். திருடின்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. ரெண்டு நாள் மிஷினைத் தொடல நானு. சபாபதிக்கு எழுதிப் போடுங்க. ரிஜிஸ்தர்லயே போடுங்க.”

கண்டிப்பாக என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நானும் டிரைவரும் எதிர்க்கடையில் டீ குடித்தோம். உள்ளே தம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் உயர்ந்தது, இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சண்டையா, அழுகையா, சிரிப்பா, அங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“என்ன சார் நடக்குது உள்ள? போய்ப் பாக்கலாமா?” என்றார் டிரைவர்.

வேண்டாம் என்றேன். இன்னொரு டீ சொன்னேன்.